எந்த ஊர்?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, நகரத் திட்டமிடல் பாடத்தில் சண்டிகருக்கு ஒரே ஒரு ஸ்லைடுதான் இருந்தது. கட்டம் கட்டமாக ஒரு வரைபடம், பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட லெ கொர்பூசியேயின் முகம். மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோனேன். போன மார்ச்சில் அந்த ஸ்லைடுக்குள்ளேயே போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தேன்.

காரணம் என் நண்பன். கோலாலம்பூரில் ஒரு கட்டுமானத் தளத்தில் இரண்டு வருடம் என்னோடு வேலை செய்த பஞ்சாபிக்காரன். அவன் சாலைப் பிரிவு, நான் வடிகால் பிரிவு. அதற்கு முந்தைய ஆண்டு அவனுடைய அப்பா தவறிவிட்டார். அவனால் உடனே போக முடியவில்லை. தம்பிதான் அஸ்தியை ஹரித்துவாரில் கரைத்தான். "மூத்த மகன் போட வேண்டிய கையெழுத்து ஒண்ணு பாக்கி இருக்கு. கூட வர்றியா?" என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி மலாயிலும் கேட்டான். என்ன கையெழுத்து என்றால், வந்து பார் என்றான். மலிவு விமானச் சீட்டு கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

அவன் வீடு செக்டர் 22இல். சண்டிகரில் முதலில் கட்டப்பட்ட செக்டர்களில் ஒன்று. 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போனது. அதற்காக எழுந்த நகரம் இது. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் முதல் திட்டத்தை வரைந்தார். அவருடன் பணியாற்றிய மேத்யூ நொவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்துபோக, வேலை கொர்பூசியேயின் கைக்கு வந்தது. மேயர் வளைத்துப் போட்டிருந்த சாலைகளை அவர் நேராக்கினார். ஒரு செக்டர் 800க்கு 1200 மீட்டர். உள்ளேயே கடைத்தெரு, பள்ளிக்கூடம், நடுவில் ஒரு பச்சைப் பட்டை. சாலைகளை வி1 முதல் வி7 வரை தரம் பிரித்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, மறைக்க வேண்டியதில்லை. காலையில் பசியாறிவிட்டு நடந்தால், ஒரு பெருஞ்சாலையையும் கடக்காமல் பூங்கா வழியாகவே அரைமணி நேரம் நடக்கலாம். வழியில் மழைநீர் வடிகால் மூடிகளைக் குனிந்து குனிந்து பார்த்தேன். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "உன் சொந்த ஊர் எதுடா?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "ட்வென்டி டூ" என்றான். சிரித்துவிட்டோம்.

மறுநாள் நேக் சந்தின் பாறைத் தோட்டத்துக்குப் போனோம். நேக் சந்த், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். அவருடைய கிராமம் பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. புது நகரத்துக்காக இங்கே இருந்த கிராமங்களை இடித்தார்கள் அல்லவா, அந்த இடிபாடுகளை சைக்கிளில் அள்ளிக்கொண்டுவந்து, எதுவும் கட்டக் கூடாத காட்டுப் பகுதியில் யாருக்கும் தெரியாமல் பொம்மைகள் செய்தார். உடைந்த வளையல், பீங்கான் துண்டு, கழிப்பறைப் பீங்கான்கூட விடவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் இடிக்கத்தான் பார்த்தார்கள். மக்கள் விடவில்லை. 1976இல் அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள்.

வளையல் துண்டுகளால் செய்த பெண் பொம்மைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வளையல்களை யார் போட்டிருந்தார்களோ. என் பாடத்தின் அந்த ஒரு ஸ்லைடில் இடித்த கிராமங்கள் இல்லை.

மூன்றாம் நாள் ஹரித்துவார். காரில் ஐந்து மணி நேரம். வழியில் ரூர்க்கி வருகிறது. கங்கைக் கால்வாய் வேலைக்குப் பொறியாளர்களைப் பழக்க 1847இல் கல்லூரி தொடங்கிய ஊர். கால்வாயே 1854இல் திறந்தது. ஹர் கி பௌரி படித்துறையில் கால் நனைத்தபோது, பாய்ந்து போவது அந்தக் கால்வாய்க்குத் திருப்பிவிட்ட தண்ணீர்தான் என்று நண்பன் சொன்னான். ஆண்டுக்கு ஒருமுறை தசரா, தீபாவளியை ஒட்டிப் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடுவார்களாம். அப்போது படித்துறை வற்றி, ஆட்கள் இறங்கி நாணயம் பொறுக்குவார்களாம். கங்கையை முழுக்கக் கட்டிவிடுவார்கள் என்று பயந்து, மதன் மோகன் மாளவியா முன்னின்று போராட, 1916இல் அரசு இறங்கி வந்தது. தண்ணீர் தடையில்லாமல் வர ஒரு வழியைத் திறந்தே வைப்பதென ஒப்பந்தம் ஆனது. குழப்பமான ஊர் என்று நினைத்துப் போன எனக்கு இது ஆச்சரியம். இங்கேயும் வரைபடம் இருக்கிறது. ஆனால் அங்கே ஏற்கெனவே இருந்தவர்களிடம் பேசி மாற்றிய வரைபடம்.

நண்பன் சொன்ன கையெழுத்து ஒரு சந்தில் இருந்தது. அங்கே பண்டாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக யாத்திரை வரும் குடும்பங்களின் வம்சக் கணக்கை எழுதி வைப்பவர்கள். நோட்டுக்கு பஹி என்று பெயர். நீள நீளமாக, துணியில் சுற்றி அடுக்கியிருந்தார்கள். இன்ன மாவட்டத்துக்கு இன்ன பண்டா என்று கணக்கு. அவர் நண்பனிடம் பெயரைக் கேட்கவில்லை, "எந்த ஊர்?" என்றுதான் கேட்டார். ட்வென்டி டூ என்று அவன் சொல்லவில்லை. சியால்கோட் பக்கத்து கிராமத்தின் பெயரைச் சொன்னான். அவன் அந்த மண்ணை மிதித்ததே இல்லை.

இருபது நிமிடத்தில் பக்கம் கிடைத்தது. ஏழு தலைமுறை. தாத்தா போட்ட கையெழுத்து உருதுவில் இருந்தது. அதன் கீழே அவன் அப்பா இறந்த தேதியை எழுதி, தன் மகள் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான். நான் வெளியே பார்த்தேன்.

பண்டா என் பக்கம் திரும்பினார். எந்த ஊர்? மலேசியா. அது இல்லை, தாத்தாவுடைய ஊர். தமிழ்நாடு. எந்த ஜில்லா, எந்த கிராமம்? எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு அழைத்தேன்.

"தாத்தா ஊரா? சேலம் பக்கம்னு சொல்வாரு. பேரு... ஞாபகம் வரலப்பா. நமக்கு ஊருன்னா பிராங் புசார்தான். ஏன், அங்க நம்மளுது எழுதி வச்சிருக்காங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியில் இருந்த ஆசை எனக்குக் கேட்டது. "இல்லப்பா, இவருகிட்ட இருக்கறது பஞ்சாப் பக்கத்துக் குடும்பங்களோடது" என்றேன். "ம்ம்" என்றார்.

பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் இப்போது புத்ராஜெயா இருக்கிறது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வாரம், அப்பா எங்களை அங்கே கூட்டிப்போனார். ஏரியைக் காட்டி, "அங்கதான் எங்க லயம் இருந்துச்சு" என்றார். நான் சிரித்து, "தண்ணிக்குள்ள எப்படிப்பா லயம் இருக்கும்?" என்றேன். பிறகு செயற்கை ஏரி எப்படி அமைக்கிறார்கள் என்று அவருக்கே விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் லயத்தைப் பற்றிப் பேசியதாக ஞாபகம் இல்லை.

அன்று மாலை ஆரத்தி பார்த்தோம். விளக்குகள் தண்ணீரில் போவது அழகாகத்தான் இருந்தது. என் மனம் அதில் இல்லை.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தளத்தில் பயன்படுத்தும் ஏ3 தாளையும் பென்சிலையும் அப்பா முன்னால் வைத்தேன். "லயத்த வரைங்கப்பா." முதலில் வெட்கப்பட்டார். பிறகு கோயில், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர் என்று ஒவ்வொன்றாகப் போட்டார். அளவு எதுவும் சரியில்லை. கோயில் ஸ்டோரைவிடப் பெரிதாக இருந்தது. கோயிலுக்கும் லயத்துக்கும் எத்தனை மீட்டர் என்று கேட்கப் போய், நிறுத்திக்கொண்டேன்.

மொத்தம் நாற்பது கதவு என்றார். ஒவ்வொரு கதவிலும் யார் இருந்தார்கள் என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முப்பத்தொன்று வந்தது. மீதி ஒன்பதுக்கு அத்தையைக் கேட்க வேண்டும் என்றார். சேலம் பக்கத்து ஊரின் பெயரையும் அவரிடமே கேட்கலாம். அத்தைக்கு இப்போது எண்பது வயது. இந்த வாரமே போகிறோம்.