கண்டங்கத்திரியும் வர்ஜீனியாவும்

மல்லேஸ்வரத்து நாட்டுமருந்துக் கடையில் கண்டங்கத்திரி வேண்டுமெனில் ‘நெலகுள்ள’ என்று கேட்க வேண்டும். கன்னடத்தில் ‘நெல’ என்பது நிலம். ‘குள்ள’ என்பது கத்திரிக்காய். உடுப்பியின் மட்டுகுள்ள பலரும் அறிந்ததே. உடலெங்கும் முள்ளோடு தரையிற் படர்ந்து ஊதாப் பூ பூக்கும் செடிக்கு, இது கண்ணால் கண்டு இட்ட பெயர்.

தமிழ்ப் பெயர் அத்துணை எளிதன்று. வடமொழியில் இச்செடி ‘கண்டகாரி’. கண்டகம் என்றால் முள். கழுத்தைக் குறிக்கும் கண்டம் வேறு சொல். வடமொழியில் அதன் டகரம் மூச்சொலியுடையது. தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. இருமலுக்குத் தரும் மூலிகையாதலால், ‘தொண்டைக்குரிய கத்திரி’ என்று பொருள்கொள்ளத் தோன்றுவதும் இயல்பே.

இதன் உறவுச் செடியின் நிலை இன்னும் சுவையானது. சிறுபஞ்சமூலம் எனும் ஐந்து வேர்களுள் கண்டங்கத்திரியோடு சிறுவழுதுணையும் ஒன்று. வடமொழி மருத்துவப் பட்டியலில் அவ்விடத்தில் நிற்பது ‘பிருகதி’, அதாவது பெரியது. கண்டங்கத்திரியோடு ஒப்பிட்டால் பெரியது; தோட்டத்துக் கத்திரியோடு ஒப்பிட்டால் சிறியது. ஒப்பீடு மாறினால் பெயரும் மாறும்.

இனி இலத்தீன் பெயர்களுக்கு வருவோம். 1753இல் லின்னேயஸ் கண்டங்கத்திரிக்கு இட்ட பெயர் சொலானம் வர்ஜீனியானம். ஆசியச் செடிக்கு அமெரிக்க ஊர்ப்பெயர்! 1768இல் இளைய பர்மன் சூரத்தின் பெயரால் சுரத்தென்சே என்றார். 1795இல் மஞ்சள் கனியைச் சுட்டும் சாந்தோகார்ப்பம் வந்தது. பின்னைய இரண்டும் பொருத்தமானவை. எனினும் இன்று ஏற்கப்படுவது வர்ஜீனியானமே. பொருந்தாமை ஒன்றையே காரணமாக்கி ஒரு பெயரைத் தள்ளப் பெயரீட்டு விதி இடந்தராது. முந்திய பெயருக்கே முன்னுரிமை.

அதே 1753இல் லின்னேயஸ் இட்ட மற்றொரு பெயர் சொலானம் இண்டிகம். நம் நூல்கள் பல பிருகதிக்கு அதையே எழுதின. ஆயினும் அப்பெயர் வெவ்வேறு செடிகளுக்கு வழங்கிக் குழப்பம் விளைத்ததால் பின்னர் முறைப்படி விலக்கப்பட்டது. இந்தியப் பெயர் வீழ்ந்தது. வர்ஜீனியப் பெயர் நின்றது. அறிவியற் பெயர் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஐயமின்றிச் சுட்டினால் போதும். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பில்லை என்று சசூர் சொன்னதற்கு இதனினும் தெளிவான சான்றை வகுப்பறையில் நான் கண்டதில்லை.

இது சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. சாந்தோகார்ப்பம் என்று மட்டும் தேடும் மாணவர், மற்ற இரு பெயர்களில் வெளிவந்த ஆய்வுகளைக் காணாமலே போவார். பழைய கட்டுரையின் ‘இண்டிகம்’ எச்செடி என்று தெளியாமல் மேற்கோள் காட்டினால், ஓரினத்தின் மருந்துக் குணம் வேறோர் இனத்தின்மேல் ஏறிவிடும். நச்சு ஆல்கலாய்டுகள் கொண்ட பேரினத்தில் அது சிறு பிழையன்று.

ஆகவே மூலிகைகளை ஆராயும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏற்கப்பட்ட பெயரோடு பழைய பெயர்களையும், செடியைத் தந்தவர் சொன்ன ஊர்வழக்கையும், பறித்த இடத்தையும், உலர்தாவரகத்தில் வைத்த மாதிரியின் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். பெயர் நாளை மீண்டும் மாறலாம். அம்மாதிரி இருந்தால் செடியை அடையாளம் காணலாம்.