ஆடுபுலியும் பதினான்கு யந்திரங்களும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் கணிப்பொறியியல்)

ஆடுபுலி ஆட்டத்தைக் கேள்விப்படாதவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. ஆனால் ஆடத் தெரிந்தவர்களை எண்ணினால் என் வகுப்பில் நான்கு பேர்தான் தேறினோம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். கல் தரையில் கோடு கீறி ஆடிய ஆட்டத்தை, ஆவடியில் ஒருவரும் அம்பத்தூரில் ஒருவருமாக இருந்து கைப்பேசியில் ஆடும்படி செய்துவிடலாம் என்று திட்டப்பணிக்காக நான் கிளம்பினேன். அந்தக் கதைதான் இது. கணிப்பொறி என்றதும் தமிழ், வரலாற்றுத் துறை நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் என் அப்பாவும் வருகிறார்.

கைப்பேசியில் நாம் காண்பது ஆட்டத்தின் முகம் மட்டுமே. புலி எங்கே நிற்கிறது, எத்தனை ஆடு வெட்டுப்பட்டது என்ற கணக்கை ஆடுபவர்களின் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? "என் புலி இரண்டு ஆட்டை ஒரே தாவலில் தாண்டியது" என்று சாதிப்பவர் நம்மிடையே உண்டு. ஆகவே நடுவர் ஒருவர் வேண்டும். அந்த நடுவர்தான் சர்வர். அதை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். இதற்கு 'கிளவுட்', அதாவது மேகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேகமாவது மழையாவது! எல்லாம் தரையில், கட்டடத்துக்குள், குளிர்சாதனத்தின் நடுவே இரைந்துகொண்டிருக்கும் யந்திரங்கள்தாம். 1964-இல் தொடங்கிய நம் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே, லேத் பட்டறைகளுக்கு நடுவில், 2023-இல் ஜப்பானிய என்.டி.டி. நிறுவனம் அப்படியொரு பெரிய தரவு மையத்தைத் திறந்தது. ஆனால் நான் வாடகைக்கு எடுத்த யந்திரம் இருந்ததோ மும்பையில். ஆவடிக்காரர் நகர்த்திய ஆடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய், மறுபடி அத்தனை தூரம் திரும்பி வந்து, பக்கத்து ஊரான அம்பத்தூரில் தோன்றும்!

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. மும்பைக்குப் போய்வரக் குறைந்தது நூறில் ஒரு விநாடி ஆகும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. ஆடுபுலியில் முறை வைத்து ஆடுவதால் இது உறைக்காது. நூறு பேர் ஒரே களத்தில் ஓடியாடிச் சுடும் ஆட்டங்களில், எதிரி நம்மைச் சுட்டு முடித்த பிறகுதான் அவன் தலையே நமக்குத் தெரியும்.

முதலில் நான் செய்தது மிக எளிது. ஒரே யந்திரம், எல்லா ஆட்டங்களும் அதன் நினைவில். துறை விழா அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். யந்திரம் திணறி நின்றது. நடந்துகொண்டிருந்த அத்தனை ஆட்டங்களும் அதோடு மறைந்தன. இரண்டு புலிகளை மடக்கி மூன்றாவதை நெருங்கிக்கொண்டிருந்த இரண்டாமாண்டு மாணவி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எங்கள் பேராசிரியர் ஆறுதலாக ஒரு செய்தி சொன்னார். 2016-இல் 'போக்கிமான் கோ' வெளிவந்தபோது, மிஞ்சிப்போனால் திட்டமிட்டதைப் போல 5 மடங்கு கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்களாம். வந்ததோ 50 மடங்கு!

இரண்டாம் முறை வேலையைப் பிரித்தேன். வாசலில் ஒரு சிறிய சர்வர் வருபவரை இணை சேர்க்கும். ஒவ்வொரு ஆட்டமும் ஓர் அறை; அறைகள் பல யந்திரங்களில் பரவியிருக்கும். ஒவ்வொரு நகர்த்தலும் உடனுக்குடன் தனி ஏட்டில் பதிவாகும். யந்திரம் ஒன்று செத்தாலும் ஏட்டைப் பார்த்து வேறொன்று ஆட்டத்தைத் தொடரும். அறைகள் பெருகினால் யந்திரங்கள் தாமே பெருகும், குறைந்தால் தாமே குறையும். சோதனையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மதிப்பெண்ணும் கிடைத்தது. நான் மறந்துபோனேன்.

பதினேழு நாள் கழித்து, அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து 11,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அட்டை அவருடையது. வீட்டு வாடகைக்கென்று வைத்திருந்த பணம்.

நடந்தது இதுதான். சோதனை நாளில் வகுப்பறையில் சிக்னல் அறுந்தபோது, எல்லாக் கைப்பேசிகளும் விநாடிக்கொரு முறை ஒரே சமயத்தில் கதவைத் தட்டின. ஒவ்வொரு தட்டலுக்கும் புது அறை திறந்தது. பெருங்கூட்டம் என்று நம்பி யந்திரங்கள் பதினான்காகப் பெருகின. ஆட்கள் போன பின்னும் காலி அறைகளை மூட நான் எழுதியிருக்கவில்லை. ஆளில்லாத அறைகளுக்குப் பதினான்கு நடுவர்கள் இரவும் பகலும் காவல் இருந்திருக்கிறார்கள். உச்ச வரம்பு என்று ஒன்றை நான் போடவே இல்லை. பெருகுவதைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்தவன், சுருங்குவதைப் பற்றி ஒரு மாலைப் பொழுதுகூட யோசிக்கவில்லை.

அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். (அம்பத்தூர் ஓ.டி. என்றால் 'ஓல்டு டவுன்'. எங்கள் வீட்டில் மட்டும் அது 'ஓவர்டைம்'.) அவர் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்து, "எதுக்குடா அத்தனை மிஷினு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கூட்டம் வந்தால் சேர்ப்பது, போனால் நிறுத்துவது என்றேன்.

"காண்ட்ராக்ட் ஆளுங்க மாதிரி."

எனக்குப் பதில் வரவில்லை. 2019-இல் வாகன விற்பனை சரிந்து எஸ்டேட்டில் ஆர்டர் குறைந்தபோது, அவர் அப்போது இருந்த பட்டறையில், பாதி ஜாப் லேத்தில் இருக்கும்போதே அவரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். ஏழு மாதம் வேலை இல்லை. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இதை அவர் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

"நிறுத்துறப்போ நடுவுல ஒருத்தன் ஆடிக்கிட்டிருந்தா?" என்று கேட்டார்.

"அந்த மிஷினுக்குப் புது ஆட்டம் குடுக்க மாட்டோம்பா. இருக்கிற ஆட்டம் முடியிற வரைக்கும் விட்டுட்டு, அப்புறந்தான் நிறுத்துவோம்."

"பரவாயில்லையே," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மிஷினுக்கு" என்றார்.

அந்த வாரமே மூன்றையும் திருத்தினேன். இணைப்பு அறுந்தால் கைப்பேசி ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று காத்திருந்து தட்டும்; எல்லாம் ஒரே நொடியில் தட்டாதபடி ஆளுக்கு ஆள் சிறிது மாற்றியும் வைத்தேன். பத்து நிமிடம் யாரும் நகர்த்தாத அறை மூடப்படும். யந்திரங்கள் இரண்டைத் தாண்டா. மூன்றாவதுக்குத் தேவை வந்தால் ஆட வருபவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். பேராசிரியருக்கு இந்த வரம்பில் உடன்பாடில்லை. ஆனால் அட்டை அவருடையதல்லவே!

மாலையில் திருமுல்லைவாயிலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அப்பாவுக்குத் தரவேண்டியதில் இன்னும் 4,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் அவரும் சில நாள் ஆடுபுலி ஆடுகிறார். எப்போதும் ஆடுகளைத்தான் எடுத்துக்கொள்கிறார்.