சங்கரன்கோவிலில் ஒரு முத்திரை

விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இரயிலில் இராஜபாளையம் தாண்டினால் சங்கரன்கோவில். சேலை எடுக்கவும் பிரியாணி உண்ணவும் இவ்வூருக்கு வருவோர் மிகுதி. நான் சென்றதோ ஒரு ரப்பர் ஸ்டாம்புக்காக!

அருகிலுள்ள சிற்றூர் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தருக்குப் புதிய வட்ட முத்திரை. விளிம்பில் பள்ளிவாசலின் பெயர் தமிழில். நடுவில் அதுவே அரபியில். முத்தவல்லியுடன் சென்று தாளில் ஒற்றிப் பார்த்தேன். தமிழ் சரியாக இருந்தது. அரபியோ எழுத்தெழுத்தாகப் பிரிந்து, இடமிருந்து வலமாக நின்றது! அரபியைச் சேர்த்தெழுத அறியாத கணினியின் வேலை. மறுநாள் நிக்காஹ். மணமகன் சவூதியில் பணிபுரிபவர். மணச்சான்றைக் காட்டித்தான் மணமகளுக்கு விசா பெற வேண்டும். முத்தவல்லி கலங்கிப் போனார்.

கடைக்காரரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. இடவலம் மாற்றி வெட்டினால்தான் முத்திரை தாளில் நேராக விழும். எழுத்தறியாதவருக்கு எது நேர், எது மாற்று?

அண்ணலார் (ஸல்) அவர்கள் உரோமருக்கு மடல் எழுத நாடியபோது, முத்திரையில்லா மடலை அவர்கள் படிப்பதில்லை என்று கூறப்பட்டது. அதற்கெனச் செய்ததே வெள்ளி மோதிரம். முஹம்மத் ஒரு வரி, ரஸூல் ஒரு வரி, அல்லாஹ் ஒரு வரி என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. நம் வீட்டுப் படங்களில் 'அல்லாஹ்' மேலே இருக்கும். கீழிருந்து மேலாகப் படிக்கிறோம். இறைவனின் திருநாமம் உயர்ந்திருக்க வேண்டுமென்ற மரியாதையே காரணம் என்பர். ஆனால் 1449-இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி, இதற்கு ஹதீஸ்களில் வெளிப்படையான சான்றைத் தாம் காணவில்லை என்று புகாரி விரிவுரையில் எழுதினார். ஒற்றும்போது நேராக விழ, எழுத்துகள் மாற்றி வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. மோதிரத்தைப் பார்த்து முடிவு செய்யவும் வழியில்லை. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடமிருந்து அது அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடி, நீரை இறைத்தும் கிட்டவில்லை.

சீனரின் கல் முத்திரையைப் பாருங்கள். சதுரத்துள் நான்கு எழுத்துகள்: குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் இரண்டு, 'முத்திரை' என்னும் எழுத்து ஒன்று. வலப்பத்தியை மேலிருந்து கீழாகவும், பின்னர் இடப்பத்தியையும் படிப்பது வழக்கம். அவ்வாறு அடுக்கினால் சொந்தப் பெயர் இரு பத்திகளில் உடைந்துவிடும். ஆகவே 'முத்திரை' எழுத்தைக் குடும்பப் பெயரின் கீழே இறக்கி, சொந்தப் பெயரை இடப்பத்தியில் சேர்த்தே வெட்டுவதும் உண்டு. அப்போது படிப்பவர் வலப்பக்க மேல்மூலையில் தொடங்கி இடப்பக்கமாகச் சுற்றி வரவேண்டும். மனிதன் பெயர் உடையாதிருக்க வரிசையையே வளைத்துவிட்டார்கள்!

எங்கள் சிக்கலுக்கு வருவோம். ஊர் இமாமுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். அவர் வெள்ளைத் தாளில் மையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். கடைக்காரர் அதைத் தட்டச்சு செய்யாமல் படமாகவே வைத்து அச்செடுத்தார். மஃரிபுக்குச் சற்று முன் புதிய முத்திரை கைக்கு வந்தது. முத்தவல்லி அதைப் பழைய செய்தித்தாளில் நான்கு முறை ஒற்றி, நான்கு முறையும் வாய்விட்டுப் படித்த பிறகே பணத்தை எடுத்தார்.