பாலைநிலத்துக் குக்குலு

நாட்டு மருந்துக் கடையிலே குக்குலு வேண்டுமென்று கேட்டால், மஞ்சளும் கபிலமும் கலந்த பிசின் கட்டிகளை நிறுத்துத் தருவார்கள். மூட்டு வாதத்திற்கு உட்கொள்ளும் யோகராஜ குக்குலுவின் பெயரை அறியாத முதியோர் எம்மிடையே சிலரே. ஆயினும், அக்கட்டி எந்தச் செடியிலே ஊறியது, அச்செடி எந்த மண்ணிலே நின்றது என்று நாம் கேட்பதில்லை. கேட்டுத் தெளிந்தவற்றுட் சிலவற்றை இங்கே கூற விழைகின்றோம்.

குக்குலுச் செடி எமது நாட்டிற்குரியதன்று. இந்தியாவின் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களிலும், பாகிஸ்தானின் சிந்து, பலுச்சிஸ்தான் மாகாணங்களிலும் உள்ள வறண்ட நிலமே அதன் தாயகம். ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீற்றர் அளவினதே. மாரிகாலத்தில் யாழ்ப்பாணத்திலே ஒரே மாதத்தில் அதனினும் மிகுதியாகப் பெய்துவிடும். அத்தகைய நிலத்தில், கல்லும் பருக்கையும் நிறைந்த பாறைச் சரிவுகளிலே, கள்ளியோடும் முட்புதர்களோடும் கலந்து குக்குலு வளர்கின்றது. வெள்ளைப்போளம் தரும் மரம் இதற்கு நெருங்கிய உறவு. தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் ‘கொம்மிபோரா வைற்றியை’ என்பதாகும். 19 ஆம் நூற்றாண்டிலே சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ஸ்கொத்லாந்து வைத்தியர் றொபேட் வைற்றின் நினைவு அப்பெயரில் நிற்கின்றது.

கண்டவுடன் மனத்தைக் கவரும் செடி இதுவன்று. ஆளுயரமோ, மிகுந்தால் அதன் இருமடங்கோ வளரும். கோணல்மாணலாகப் பரந்த கிளைகள். அவற்றின் நுனிகள் கூரிய முட்களாய் முடியும். மேற்பட்டை மெல்லிய தாளைப் போலச் சுருண்டு உரிய, உள்ளே பசுமை தோன்றும். ஆண்டின் பெரும்பகுதியில் இலையின்றி, பட்டுப்போனதோ என்று ஐயுறும்படி நிற்கும். மழை விழுந்ததும் ஓரத்திற் பற்கள் கொண்ட சிற்றிலைகள் தளிர்க்கும். பூக்கள் மிகச் சிறியன, செந்நிறமானவை, காம்பின்றிக் கிளையோடு ஒட்டியிருப்பவை. உற்று நோக்குவார்க்கே அவை புலப்படும். கனிகள் பழுத்ததும் சிவந்து பிளக்கும்.

இப்பூக்களிலே ஒரு புதுமை உண்டு. பெரும்பாலான செடிகள் பெண் பூக்களையே தாங்குகின்றன. ஆண் செடியைக் காண்பது மிக அரிது. ஆயினும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை உண்டாகின்றது. துணையற்ற பாலையில் இது பெரும் நன்மையே. ஆனால், அவ்வாறு பிறக்கும் கன்றுகள் தாயின் அச்சாகவே இருக்கும்; ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லக்கூடும். விதைகளிலும் முளைப்பவை சிலவே.

பிசின் வடிக்கத்தக்க பருவத்தை அடையச் செடிக்கு எட்டுப் பத்து ஆண்டுகள் செல்லும். பனிக்காலம் முதற் கோடைவரை பட்டையிலே அளவாகக் கீறினால் பிசின் துளித்து இறுகும், செடியும் பிழைக்கும். அவசரக்காரரோ ஆழமாக வெட்டி, வெட்டுவாயிலே காரமான கலவைகளைப் பூசுகின்றனர். ஒரு பருவத்தில் மிகுதியாக வடியும். பின்னர்ச் செடி மடியும்.

இந்த அவசரத்தை வளர்த்தது தேவையின் பெருக்கமே. 1966 ஆம் ஆண்டில், காசி இந்துப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஜி. வி. சத்தியவதி, சுசுருத சங்கிதையின் குறிப்பைப் பின்பற்றி, குக்குலு இரத்தக் கொழுப்பைக் குறைக்குமென ஆய்வு வெளியிட்டார். அதன்பின் அதன் சாறு மாத்திரையாகிக் கடல் கடந்தது. 2003 இல் அமெரிக்காவில் எட்டு வாரம் நடைபெற்ற பரிசோதனையிலோ கொழுப்புக் குறையக் காணோம். தீய கொழுப்புச் சற்று ஏறவே செய்தது. மருந்தின் பயன்பற்றிய வழக்கு முடியவில்லை. செடியின் வாழ்வோ முடிவை நெருங்கிவிட்டது. 2015 ஆம் ஆண்டின் உலகச் செம்பட்டியலில், அழிவின் விளிம்பில் நிற்பவற்றின் வரிசையிலே குக்குலு சேர்க்கப்பட்டது.

ஆறுதலும் இல்லாமலில்லை. கொம்பை வெட்டி நட்டால் இச்செடி வேர்கொள்ளும். 2008 இல் இந்திய மூலிகை வாரியம் கச்சிலே நூற்றுக்கணக்கான ஹெக்டேயரில் இதனைப் பயிரிடும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நடும் கொம்பு பிசின் தருவதற்குள், பாடசாலை புகும் சிறுவன் உயர்வகுப்பை அடைந்துவிடுவான். அத்தனை ஆண்டும் காத்திருக்க மனமுள்ளவர்களாலேயே இச்செடி பிழைக்கும்.

மருந்தை வாங்குவோராகிய எமக்கும் இதிலே பங்குண்டு. வைத்தியர் விதித்த அளவுக்கு மேல் வாங்காதிருத்தலும், வாங்கியதை வீணாக்காதிருத்தலும், இது பயிரிட்டதோ காட்டில் வெட்டியதோ என்று கடைக்காரரை ஒரு சொற் கேட்டலும் எம்மால் இயன்றவையே. எம் வீட்டுப் பிள்ளைகளும் அச்செடியின் பெயரையாவது அறிந்திருக்கட்டும்.