மூன்று குவியல்

பள்ளி சென்று திரும்பும் சிறு பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கப்பெறும் முதற் கேள்வி, "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்பதே. "என்ன செய்தாய்?" என்று கேட்பாரை நாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். நோட்டில் நான்கு பக்கம் நிறைந்திருந்தால் பெற்றோர் மனமும் நிறைகின்றது. பிள்ளை, "கிளிஞ்சல் எண்ணினோம், மண்ணில் விளையாடினோம்" என்று சொல்லிவிட்டாலோ முகம் சுருங்கிப் போகின்றது. அரபியும் தமிழும் சிறுவர்க்கு ஓதிக்கொடுத்தே முப்பதாண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு இந்த முகச்சுருக்கம் நன்கு பழக்கமானது. அரசுப் பள்ளியில் வெறும் விளையாட்டுத்தான் என்று சொல்லி, கடன்பட்டுக் கட்டணப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றியவர் பலரை அறிவோம். விளையாட்டு என்று அவர்கள் ஒதுக்கியது யாது என்பதை அருகிருந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் நெடுநாளாக நமக்கு இருந்தது.

நம்மிடம் தமிழ் பயின்ற பெண்மணி ஒருவர் மணப்பாட்டுப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கின்றார். அவர் அழைக்க, ஒருநாள் முற்பகல் முழுவதும் அவர் வகுப்பில் அமர்ந்திருந்தோம்.

மணப்பாடு, கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின் ஊர். குன்றின்மேல் பரதவ கிறிஸ்தவர்களின் பழைமையான திருச்சிலுவைக் கோயில் நிற்கின்றது. 1542-ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லப்பெறும் குகையும் அங்கேதான் உண்டு. கீழே மீன்பிடி படகுகள். வீட்டு வாயில்களில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்கள். இவ்வூர்ப் பிள்ளையின் உள்ளங்கால் முதலில் அறியும் பொருள் மணலே. ஆசிரியை தம் முதற் பாடத்தை அந்த மணலிலேயே வைத்திருந்தார்.

தகரத் தட்டொன்றில் சலித்த மணலைப் பரப்பி, முதல் வகுப்புப் பிள்ளைகள் ட, ப, ம என்னும் எழுத்துக்களை விரலால் வரைந்துகொண்டிருந்தனர். வளைவும் சுழியும் மிகுந்த அகரத்தை முதலில் நீட்டாமல், நேர்க்கோடுகள் மிகுந்த எழுத்துக்களைத் தொடக்கமாகக் கொண்டது நமக்குப் பிடித்திருந்தது. இம்மூன்றும் கைவந்தவுடன் படம், மடம், பட்டம் என்று பிள்ளை சொற்களையே படித்துவிடுகின்றது. "சிலேட்டுல தப்பா எழுதிட்டா சில பிள்ளைங்க கையை வச்சு மறைக்கும் ஐயா. மணல்ல அந்தப் பயம் இல்லை. தட்டை ஒரு ஆட்டு ஆட்டினாப் போச்சு" என்றார் ஆசிரியை. பிழையை மறைக்கும் கையையும் பிழையை அழிக்கும் கையையும் பிரித்துக் கண்ட அவருடைய கூர்மையை வியந்தோம்.

இம்முறை புதியதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலே ஏடாக இருந்தது. 1790-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை எழும்பூரில், ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியைக் கண்காணித்து வந்தார் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். குதிரையேறிச் செல்லும் வழியில், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதனைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பியபோது அங்கிருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. ஆதலின் சற்று மூத்த சிறுவன் ஒருவனைக் கொண்டே இளையோர்க்கு மணலெழுத்தைக் கற்பித்தார். 1797-இல் இதனை லண்டனில் நூலாக்கி வெளியிட்டார். அது மெட்ராஸ் முறை என்று பெயர் பெற்றுப் பல நாடுகளிற் பரவிற்று. அவருடைய பொருட்கொடையால் அமைந்த பள்ளியொன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் காலேஜ் என்னும் பெயரோடு இன்றும் இருக்கின்றது. ஆனால் ஒன்று: ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கானோரை நடத்தலாம் என்னும் சிக்கனத்தையே உலகம் பெரிதாகப் போற்றியது. மணலைத் தொட்ட விரலைப் பற்றிப் பேசினார் சிலரே.

கற்பிக்கும்போது கண்ணுக்கும் வேலை கொடுப்பது நம் மரபுக்கு அயலானதும் அன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவே ஒரு கோட்டினை இழுத்து வெளியேயும் நீளவிட்டார்கள். பக்கங்களிற் சிறு கோடுகள் இட்டார்கள். மனிதனையும், அவனைச் சூழ்ந்து நிற்கும் ஆயுளையும், ஆயுளையும் கடந்து ஓடும் ஆசையையும் இவ்வாறு விளக்கியதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கப் புகாரியிற் காண்கின்றோம். சொல்லாற்றலில் அவர்களை மிஞ்சுவார் யார்? எனினும் கோடு கிழித்துக் காட்டினார்கள்.

அன்று நம்மை நெடுநேரம் கட்டிப் போட்டது இரண்டாம் வகுப்பின் கணக்குப் பாடமே. பாயில் இருவர் இருவராக அமர்ந்த பிள்ளைகளிடம் இருபத்திரண்டு கிளிஞ்சல்களைக் கொடுத்து, "மூணு கூறு வையுங்க" என்றார் ஆசிரியை. மீன் கூறு வைப்பதை நாள்தோறும் காணும் பிள்ளைகளாதலின் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: ஒருவர் கூறு வைக்க வேண்டும், மற்றவர்தாம் முதலில் எடுக்க வேண்டும். ஒரு பையன் தனக்கென்று ஒரு குவியலைச் சற்றே பெருக்கி வைத்தான். எதிரே இருந்தவள் தயங்காமல் அதனையே வாரிக்கொண்டாள். மறுமுறை அவன் ஒவ்வொன்றாக மும்மூன்று இடத்தில் வைத்து எண்ணத் தொடங்கினான். நீதி போதனையும் வகுத்தற் கணக்கும் ஒருசேர நடந்து முடிந்தன.

மரிச்சுக்கட்டி நினைவுக்கு வந்தது. இலங்கையின் அக்கரையில் 1903 முதல் 1907 வரை முத்துக்குளிப்பு நடந்தபோது, நம் கீழக்கரையாரும் தூத்துக்குடிப் பரதவரும் அரபு நாட்டாரும் அங்கே மூழ்கினர். கரைசேர்ந்த சிப்பிகளை மூழ்கியோரே மூன்று குவியலாக வைப்பர். அவற்றுள் எது அவர்களுடையது என்று அரசாங்க அலுவலர் சுட்டிக் காட்டுவார்; எஞ்சிய இரண்டும் அரசுக்கு. எக்குவியல் தமக்கு வருமென்று தெரியாதவர் ஏற்றத்தாழ்வாக வைப்பாரோ? ஏட்டுக் கணக்கு அறியாத கைகள் மூன்றில் ஒன்று என்பதை அப்படித்தான் அறிந்திருந்தன. தூத்துக்குடிக் கரையிலும் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கிளிஞ்சல் மட்டும் இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றது.

அவ்வகுப்பில் வாய் திறவாத சிறுமி ஒருத்தி இருந்தாள். ஆண்டின் தொடக்கத்திலிருந்து அவள் குரலைக் கேட்டதே அரிது என்று ஆசிரியை முன்னரே நம் காதில் சொல்லியிருந்தார். அவள் ஏழேழாக மூன்று குவியல் வைத்து முடித்தபின் கையில் ஒரு கிளிஞ்சல் நின்றுவிட்டது. அதை ஒவ்வொரு குவியலிலும் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் எடுத்தாள். பிறகு எழுந்து வந்து, "டீச்சர், ஒண்ணு மிஞ்சுது" என்றாள். "அதை என்ன செய்யலாம்?" என்று கேட்டார் ஆசிரியை. "பூனைக்குப் போட்டுருவோம்" என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிள்ளைகளின் உயரத்துக்கேற்பச் சுவரின் அடிப்புறத்தில் அமைந்த கரும்பலகையில் அவளே "மீதி 1" என்று எழுதினாள். மீதி என்னும் சொல்லை ஆசிரியை அப்போதுதான் கொடுத்தார். பொருள் கைக்கு வந்தபின் சொல் வந்தது.

தமிழ்நாட்டில் இத்தகைய கற்பித்தல் அரசின் முறையாகவே வந்து இருபதாண்டுகள் கடந்துவிட்டன. ஆந்திரத்து ரிஷி வேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறையைக் கண்டறிந்து வந்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினர். ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதன் முன்னணியில் நின்றார். 2007-08-இல் மாநிலமெங்கும் சுமார் 37,000 பள்ளிகளை அது எட்டிற்று. கற்றல் ஏணி, அட்டைகள், பிள்ளைகளின் கைவேலையைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல் ஆகியவை அப்போது வந்தவையே. கொரோனாக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2025-ஐ இலக்காண்டாகக் கொண்டு 2022-இல் எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்த அதன் சொல்லழகை யாரும் பாராட்டுவர்.

சொல்லழகு போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறோர் ஊரில், அட்டைகள் கிழிந்துபோகும் என்றஞ்சிப் பீரோவில் பூட்டி வைத்து, அதிகாரி வரும் நாளில் மட்டும் எடுத்துப் பரப்பியதைக் கண்டிருக்கின்றோம். ஆசிரியரின் பார்வை விலகினால் கிளிஞ்சல் வெறும் கிளிஞ்சல்தான். ஓசை மிகும், கணக்கு வராது. மணப்பாட்டு ஆசிரியை எந்தப் பிள்ளை எங்கே தயங்கியது என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே நடந்தார். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருந்து, அவர்களும் படிவம் நிரப்புவதிலேயே பொழுதைப் போக்க நேர்ந்தால் இது எப்படி இயலும்?

இதனையெல்லாம் உடன்குடியில் ஒரு நண்பரிடம் விவரித்தபோது அவர் விடவில்லை. "ஹஜ்ரத், நீங்களே மனப்பாடத்துல வளர்ந்தவங்க. நீங்க இப்படிச் சொல்லலாமா?" என்றார். மனனத்தை நாம் பழிக்கவில்லை. குர்ஆனை நெஞ்சிற் சுமக்கும் ஹாபிழ்களின் காலடியில் அமர்ந்தவர் நாம். ஆனால் ஓதும் பள்ளி விட்டு வந்த பிள்ளையை விளையாட விடாமல் ஓயாது படிக்கச் சொன்னால் அதன் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் எச்சரித்திருக்கின்றார்கள். 1406-இல் மறைந்த இப்னு கல்தூனும் படிப்படியாகக் கற்பிப்பதை வலியுறுத்தி, கடுமையால் பிள்ளை பொய்யும் சூதும் பழகும் என்று எழுதினார். நண்பருக்கு வேறொன்றையும் நினைவூட்டினோம். தொழுகைக்குப் பின் நம் வீட்டு உம்மாமார் விரற்கணுவிலே தஸ்பீஹ் எண்ணுகின்றனர். அதே வீட்டில் பிள்ளை விரல் விட்டுக் கூட்டினால் மட்டும், "மனக்கணக்காச் சொல்லு" என்று கையைத் தட்டிவிடுவது ஏன்? நண்பர் சிரித்துவிட்டு, தம் வீட்டிலும் அது நடப்பதுதான் என்றார்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். கூட்டம் கூடும் நாளில் நம் பெண்மக்களை அங்கே அரிதாகவே காண்கின்றோம். அடுத்த கூட்டத்திற்குச் செல்வோர் சற்று முன்னரே சென்று, ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து பார்க்கட்டும். அட்டைகள் பீரோவில் இருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா என்பது அந்த ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். பீரோவில் இருந்தால், சாவி யாரிடம் என்று கூட்டத்தில் கேட்கலாம்.