ஸ்க்ரீன் எங்கே, சிஸ்டர்?

அன்புள்ள வசந்தி,

நீ வராமல் ஏமாற்றிய கல்யாணத்தில் என்ன நடந்தது என்று கேள். மாப்பிள்ளை உயரம், பெண்ணின் முகூர்த்தப் புடவை எல்லாம் போனில் சொல்கிறேன். நம் பேட்ச் மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது. சாம்பார் வருவதற்குள் குமாரும் சேகரும் ஆரம்பித்துவிட்டார்கள். குமாருக்குச் சொந்த கிளினிக், நல்ல கூட்டம். பிளேட்லெட் இறங்கினால் டெங்கு, அவ்வளவுதான் அவனுக்கு. சேகர் மெடிசின் புரொபசர். "டெங்கு நெகட்டிவ்னு தெரிஞ்சும் அஞ்சு நாள் செஃப்ட்ரியாக்சோன் போட்டு, மூச்சு வாங்கினப்புறம் என் ஐசியூவுக்கு அனுப்புறே. இடுப்புக்குக் கீழே ஒரு தடவை பார்த்தியாடா?" என்று தன் புரொபசர் குரலில் கேட்டான். எதிர் வரிசையில் சம்பந்தி வீட்டு மாமி கடித்த வடையை இலையிலேயே வைத்துவிட்டார்.

நீ கண் டாக்டராகித் தப்பித்தவள், இதெல்லாம் மறந்திருக்கும். சண்டை ஸ்க்ரப் டைபஸ் பற்றி. நாம் படிக்கும்போது அது பரீட்சைக்கு முந்தின ராத்திரி புரட்டிவிட்டுப் போகிற பக்கம். இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் சிப்பாய்களைக் கொன்ற காய்ச்சல், 1948-ல் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் பலிக்கிறது என்று தெரியும்வரை உறுதியான மருந்து இல்லை என்று இரண்டு வரி. இப்போது மழை விட்டுக் குளிர் தொடங்கினால் எங்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் இதுதான். புதரிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடிக்கும்; கண்ணுக்கே தெரியாது. கிருமி செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வதால் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகையறாவுக்கு அசையாது. அதுவே டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின்.

சிக்கல் என்ன தெரியுமா? பிளேட்லெட் இதிலும் இறங்கும், கல்லீரல் என்சைம் இதிலும் ஏறும். குமார் ஏமாறுவது அங்கேதான். ஐஜிஎம் எலிசா டெஸ்ட் முதல் வாரத்தில் நம்மைக் கைவிட்டுவிடலாம். ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கவும் செய்யும். வைல்-ஃபீலிக்ஸ் டெஸ்ட்டை நம்புகிற லேப் இன்னும் இருக்கிறது, அந்தக் கதை வேண்டாம்.

நம்பக்கூடிய ஒரே அடையாளம் எஸ்கார். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. தொடையிடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில், பாவாடை நாடா அழுத்துகிற இடம், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னால். ஈரமான மடிப்பில் கருப்புகூட இருக்காது, வெளிறின சின்னப் புண்தான். வேலூர் சிஎம்சியில் 2005 முதல் 2010 வரை வந்த 623 பேரில் 43.5 சதவீதம் பேருக்குத்தான் எஸ்கார் இருந்தது. ஆகவே இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. இருந்தால் வேறு டெஸ்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

குமாரும் லேசுப்பட்டவன் இல்லை. "சீரியஸ் கேஸுக்கு டாக்சியா, அசித்ரோவா, அதையாவது சொல்லு" என்று மடக்கினான். சேகர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, 2023-ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னலில் வந்த நம் நாட்டு ஆய்வைச் சொன்னான். கடுமையான ஸ்க்ரப் டைபஸ் வந்த கிட்டத்தட்ட 800 பேர். நரம்பு வழியாக மருந்து. மரணம், தீராத சிக்கல், இறங்காத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம். டாக்சிசைக்ளின் மட்டும் என்றால் 47, அசித்ரோமைசின் மட்டும் என்றால் 48. குமார் பாயசத்தில் கவனம் செலுத்தினான்.

ஆனால் வசந்தி, இரண்டு பேரும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அவர்கள் என்னமோ டாக்டர் சோம்பேறி, அல்லது நேரமில்லை என்றே பேசினார்கள். என் ஓபி-யை நீ பார்த்ததில்லை. ஒரே ஹால், மூன்று மேஜை. நோயாளி ஸ்டூலில், பின்னால் மாமியார், அவருக்குப் பின்னால் அடுத்த பத்து டோக்கன். அந்த இடத்தில் எந்தப் பெண்ணிடம் ஜாக்கெட்டைத் தளர்த்தச் சொல்வது? "வேற எங்கயாவது புண்ணு இருக்காம்மா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். வலிக்காத புண் அவளுக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் ஆறு நாள் காய்ச்சலோடு நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மா வந்தார். மலேரியா, டெங்கு, டைஃபாய்டு எல்லாம் நெகட்டிவ். எங்கள் சீனியர் சிஸ்டர் எதுவும் பேசாமல் அவரை ஊசி போடும் அறைக்குக் கூட்டிப்போய், தாழ்ப்பாள் போட்டு, இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். "இடது மார்புக்கு அடியில மேடம்." மூன்றாம் நாள் அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சிஸ்டரிடம் இருந்த கருவி அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான்.

அதிலிருந்து நான் ஸ்க்ரீன் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மடக்குகிற இரும்புச் சட்டம், பச்சைத் துணி, சக்கரம் வைத்தது, நான்கு போதும். லேபுக்குப் புது மெஷின் வந்துவிட்டது, திறப்பு விழா, போட்டோ எல்லாம் ஆயிற்று. ஸ்க்ரீன் ஃபைல் மட்டும் மேஜை மேஜையாக ஊர்கோலம் போகிறது. "இப்ப இருக்கிறதுல சமாளிங்க டாக்டர்" என்கிறார் எங்கள் ஆஸ்பத்திரிப் பெரியவர். அவர் பிபி பார்த்துக்கொள்வதே ஏசி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு!

உன் வீட்டுக்காரர் கிளப்பில் இந்த வருஷம் அவர்தான் தலைவராமே, சொல்லவேயில்லை? இன்னொரு சர்க்கரை முகாம் நடத்தி இன்னொரு பேனர் கட்டுவதற்குப் பதிலாக எனக்கு நான்கு ஸ்க்ரீன் வாங்கித் தரச்சொல். கோவில் டியூப் லைட் மாதிரி "உபயம்" என்று அவர் பெயரைப் பெரிதாகவே எழுதிக்கொள்ளட்டும். எழுத்து மட்டும் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

உன்,
சாந்தா