அப்பா போட்ட ஓட்டை

ரெண்டு மாசமா ஆளைக் காணோமேன்னு தேடுன ஒண்ணு ரெண்டு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. ஊர்ல ஒரு டிவியை நெட்ல இணைக்கப் போயிருந்தேன். அதுக்கா ரெண்டு மாசம்னு சிரிக்காதீங்க. ஆழ்வார்திருநகரியில எங்க வீட்டைப் பாத்தவங்க சிரிக்க மாட்டாங்க.

தாத்தா காலத்து வீடு. தெருவைப் பாத்து தார்சா, அடுத்து பட்டாசல், அதுக்குள்ள அரங்கு, நடுவுல முற்றம், கடைசியில அடுக்களை, புறவாசல்னு ரயில் பெட்டி மாதிரி நீளமாப் போகும். சுவர் ஒவ்வொண்ணும் ரெண்டடி. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மே மாசம் வெளிய கொளுத்தும்போது உள்ள ஜில்லுனு இருக்கும். வெயிலை உள்ள விடாத சுவர் வைஃபையை மட்டும் விடுமா? இது மண்டைல ஏறத்தான் எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

நெட் எதுக்குன்னா, அம்மாவுக்கு. எழுபத்தெட்டு வயசு. தனியா இருக்காங்க. சென்னைக்குக் கூப்பிட்டா வர மாட்டாங்க. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி வெள்ளம் வந்துச்சே, பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழை கொட்டுச்சே, அப்ப எங்க தார்சாலயும் முழங்காலுக்கு மேல தண்ணி. ரெண்டு நாள் போன் போகலை. அந்த ரெண்டு நாளைப் பத்தி இங்க எழுதப் போறதில்லை. அடுத்த வீட்டு மைனிதான் அம்மாவை அவங்க மச்சுல கொண்டுபோய் வச்சுக் காப்பாத்துனாங்க. பழைய டிவி தண்ணியோட போச்சு.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த வெறி. புது டிவி, அதுல ஒரு கேமரா, தினம் ராத்திரி பெரிய திரையில அம்மா முகம். உண்மையைச் சொன்னா, அந்த மாதிரி வெள்ளம் இன்னொரு தடவை வந்தா ஃபைபரும் அறுந்துதான் போகும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் மனசுன்னு ஒண்ணு இருக்கே.

கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி வழக்கம் போல தார்சா வாசல் ஓரத்துல மோடத்தை மாட்டிட்டுப் போயிட்டான். அங்க நின்னு பாத்தா ஸ்பீடு பறக்குது. பட்டாசல்ல அம்மா கட்டில் பக்கத்துல டிவியைப் போட்டா வட்டம் சுத்துது.

"என்னல இது, செக்கு மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கு?"

வைஃபையில ரெண்டு அலைவரிசை உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா சுவரைக் கண்டா படுத்துரும். 2.4 கொஞ்சம் மெதுவு, ஆனா சுவர்ல ஓரளவு புகுந்து வரும். எங்க சுவர்ல 5 சுத்தமா அவுட். 2.4 தட்டுத் தடுமாறி வந்தா, சுவரை ஒட்டி அந்தப் பக்கம் இரும்பு பீரோ. இரும்பைத் தாண்டி சிக்னல் எங்க வர?

முதல்ல ரிப்பீட்டர் வாங்குனேன். அது மோடத்துகிட்ட வாங்குறதையும் டிவிக்குக் கொடுக்கிறதையும் ஒரே அலைவரிசையில செய்யுற ரகம். வேகம் பாதியாப் போச்சு. அடுத்து கரண்டு வயர் வழியாவே நெட் அனுப்புற ஒரு ஜோடிப் பெட்டி. எங்க வீட்டு வயரிங் மரப்பட்டைக்குள்ள ஓடுற அந்தக் கால வயரிங். அம்மா ஃபேனைப் போட்டா நெட் போகும், ஃபேனை நிறுத்துனா நெட் வரும். வியர்த்துக்கிட்டே யாராவது டிவி பாப்பாங்களா? சொந்த செலவுல சூனியம்ங்கறது இதுதான்.

கடைசியா சுவரைத் துளைச்சு வயர் இழுத்துரலாம்னு டிரில்லிங் மெஷினோட தம்பியை வரச் சொன்னேன். அம்மா கட்டிலை விட்டு எந்திரிச்சு வந்து சுவருக்கு முன்னால நின்னுட்டாங்க.

"அவ்வளவு தண்ணியிலயும் அசையாம நின்ன சொவரு. அதுல போய் ஓட்டை போடுதேங்கியே."

வெள்ளத்துல கீழ்ச்சாந்து ஊறி உதிர்ந்துதான் இருந்துச்சு. அவங்க பயம் நியாயம். நானும் பிடிவாதக்காரன், குரலை உசத்திட்டேன். அம்மா பதில் பேசலை. மேல கையைக் காட்டி, "ஒங்க அப்பா போட்ட ஓட்டை இருக்கு. அது வழியாப் போகுமான்னு பாரு"ன்னாங்க.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1982ல இலங்கையில ரூபவாஹினி ஆரம்பிச்சாங்க. சென்னைத் தொலைக்காட்சி எட்டாத எங்க பக்கத்துக்கு கடல் தாண்டி வந்த படம்தான் முதல் டிவி. அப்பா தட்டட்டியில உயரமா பைப் நட்டு ஆன்டெனாவைத் தென்கிழக்கு பாத்துக் கட்டுனாங்க. அப்பா மேல நின்னு திருப்ப, அம்மா பட்டாசல்ல நின்னு "வந்துட்டு... வந்துட்டு... ஏ போயிட்டு!"னு கத்த, நான் முற்றத்துல நின்னு அதை மேல அஞ்சல் பண்ணுவேன். 1987ல கொடைக்கானல் டவர் வந்ததும் ஆன்டெனா வடக்கே திரும்புச்சு. அந்தப் பட்டை வயர் இறங்கி வந்த ஓட்டை, உத்தரத்துக்குப் பக்கத்துல துணி அடைச்சு அப்படியே இருக்கு. நான்தான் மறந்துட்டேன்.

தம்பி ஏறிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, மோடம் எதுக்கு தார்சாவுல இருக்கணும்? ஃபைபரையே இது வழியா இறக்கி மோடத்தைப் பட்டாசல்ல வச்சிருவோமே"ன்னான். ஙேன்னு முழிச்சேன். வயர் எங்க வந்து சேருதோ அங்கதான் மோடம்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். ஆள் இருக்கிற இடத்துலல்ல அது இருக்கணும்!

பழைய பட்டை வயரோட நுனியில புது ஃபைபரைக் கட்டி உள்ளேருந்து மெதுவா இழுத்தோம். அப்பா சுத்துன கறுப்பு டேப்போட பழைய வயர் என் கைக்கு வந்துச்சு, பின்னாடியே புதுசும் வந்துச்சு. சுவர்ல ஒரு பொட்டு உதிரலை. மோடத்துலேருந்து டிவிக்கு ஒரு மீட்டர் லேன் வயர். முடிஞ்சுது கதை.

பழைய வீட்டுக்காரங்களுக்கு நாலு வார்த்தை:

1. மோடம் வீட்டு நடுவுல, ஆள் புழங்குற இடத்துல இருக்கட்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னால வேண்டாம்.

2. டிவிக்கு முடிஞ்சா லேன் வயரே போடுங்க. 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் தாராளம்.

3. ஃபைபரை மூலையில மடக்காதீங்க, வளைச்சு விடுங்க. மடங்குனா வெளிச்சம் கசியும்.

4. ஃபைபர் கண்ணாடி, இடி மின்னல் கரண்டைக் கடத்தாது. ஆனா கூட வர்ற இரும்புக் கம்பியை வெளியவே உரிச்சு நிறுத்திருங்க. மோடத்துக்குச் சின்ன யூபிஎஸ் ஒண்ணு வாங்கிருங்க.

வைகாசியில ஒன்பது கருட சேவை வந்துச்சு. நவதிருப்பதிப் பெருமாளும் எங்க ஊருக்கு வந்து கருடன் மேல எழுந்தருளுற ராத்திரி. மூட்டு வலியால மூணு வருசமா அம்மா போகலை. ஊர்ப் பையன் ஒருத்தன் போன்ல லைவ் போட்டான், டிவியில வச்சுக் கொடுத்தேன். நேரலைன்னாலும் அரை நிமிசம் பிந்தித்தானே வரும்? தெருக்கோடியில மேளச் சத்தம் நிஜமாவே காதுல கேக்குது, திரையில இன்னும் கூட்டம்தான் தெரியுது.

"சத்தம் முந்திட்டு. பெருமாள் மெதுவாத்தான் வாராரு"ன்னாங்க அம்மா, கையைக் கூப்பிக்கிட்டே.

அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, திரையிலேருந்து கண்ணை எடுக்காம, "ஒங்க அப்பா இருந்தா இதையும் திருப்பிக்கிட்டே இருந்திருப்பாக"ன்னாங்க.

டிஸ்கி: அந்தக் கறுப்பு டேப் சுத்துன வயரை நான் தூரப் போடலை. சென்னைக்குக் கொண்டு வந்துட்டேன். எதுக்குன்னு தங்கமணி கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியலை.